அடுத்த பதிப்பு பற்றி நிறுவனம் வாயே திறக்கவில்லை. காத்திருக்கலாமா?

கேள்வி:
படங்களை அடுக்கவும் திருத்தவும் பல வருடமாக ஒரே மென்பொருளைத்தான் நம்பியிருக்கிறேன். சின்னச் சின்னப் பிழைத்திருத்தங்கள் வருகின்றன, ஆனால் அடுத்த பதிப்பு எப்போது என்று கேட்டால் "எதிர்காலத் திட்டங்கள் குறித்துப் பேசுவதில்லை" என்று ஒரே பதில். உள்ளே பெரிதாக ஏதோ தயாராகிறது என்கிறார்கள் சிலர், கைவிட்டாயிற்று என்கிறார்கள் சிலர். எதை நம்புவது?

பதில் 1:
மௌனத்தை மட்டும் வைத்து இரண்டையும் சொல்ல முடியாது. ஆப்பிளையே பாருங்கள். அவர்களுடைய படத்திருத்த மென்பொருளான அப்பர்ச்சர் 3 வந்தது 2010-ல். அடுத்த பெரிய பதிப்பு பற்றிப் பேச்சே இல்லை, கடைசியில் 2014 ஜூனில் இனி மேம்படுத்தப் போவதில்லை என்று அறிவித்தார்கள். 2013-ல் வந்த மேக் ப்ரோ கணினியும் வருடக்கணக்கில் அப்படியே கிடந்தது, அதுவும் முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள், ஆனால் 2017 ஏப்ரலில் சில பத்திரிகையாளர்களை அழைத்துப் புதிது வரும் என்று சொல்லி, 2019 டிசம்பரில் விற்பனைக்கும் கொண்டுவந்தார்கள்.

பதில் 2:
பேசாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. அடுத்த மாடலை முன்கூட்டியே அறிவித்தால் இருப்பதை யாரும் வாங்க மாட்டார்கள். ஆஸ்போர்ன் கணினி நிறுவனம் 1983-ல் திவாலானதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். வாய் திறந்தாலும் உத்தரவாதம் இல்லை. கூகுள் நிறுவனத்தில், ஸ்டேடியா என்ற இணைய வீடியோ கேம் சேவையை மூடவில்லை என்று 2022 ஜூலையில் சொன்னார்கள், செப்டம்பரில் மூடப்போவதாக அறிவித்தார்கள்.

கேட்டவர்:
சரி, அப்போது நான் எதைத்தான் கவனிப்பது?

பதில் 3:
செய்வதைக் கவனியுங்கள். புதிய கேமராக்களின் ரா கோப்புகள் (கேமரா பதிவு செய்யும் பதப்படுத்தாத மூலக் கோப்புகள்) அதில் திறக்கின்றனவா, இயங்குதளம் மாறியதும் எவ்வளவு சீக்கிரம் சரிசெய்கிறார்கள், அந்தக் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்களா. கேமரா ஆதரவு நின்றுவிட்டால் நான் அதற்கு மேல் காத்திருக்க மாட்டேன்.

அதைவிட முக்கியம், உங்கள் வேலை எங்கே இருக்கிறது என்பது. மூலப்படங்களை எங்கு வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம், குறிச்சொற்களையும் மதிப்பீடுகளையும் எக்ஸ்எம்பி கோப்பாக (படத்தைப் பற்றிய விவரங்களை வைத்திருக்கும், பிற மென்பொருள்களும் படிக்கும் சிறு கோப்பு) எழுதிக்கொள்ளலாம், ஆனால் நிறம், வெளிச்சம் என்று நீங்கள் செய்த திருத்தங்கள் பெரும்பாலும் அந்த மென்பொருளுக்குள்ளேயே, அதன் கேட்டலாக் என்ற தரவுத்தளத்தோடு தங்கிவிடும், வேறு மென்பொருளுக்குச் சரியாகப் புரியாது. அப்பர்ச்சரிலிருந்து அடோபியின் லைட்ரூம் மென்பொருளுக்குப் போனவர்கள் அங்கேதான் அடிபட்டார்கள். முக்கியமான படங்களைத் திருத்தங்களோடு டிஃப் (TIFF) கோப்பாக, அதாவது எந்தப் பட மென்பொருளிலும் திறக்கும் முழுத் தரப் படமாக, இப்போதே எடுத்து வையுங்கள், அப்புறம் நிறுவனம் எப்போது பேசினாலும் பரவாயில்லை.

கேட்டவர்:
திருத்தங்கள் வெளியே வராது என்பதை இதுவரை யோசிக்கவே இல்லை. இந்த வாரமே டிஃப் எடுக்கத் தொடங்குகிறேன், நன்றி.