முளைத்திருப்பது ஸ்ட்ராபெர்ரிதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம், கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். ஸ்ட்ராபெர்ரி விதையை ஈரமான டிஷ்யூவில் சுற்றி சில வாரம் ஃப்ரிட்ஜில் வைத்து, அப்புறம் கோகோபீட் தட்டில் மேலாகத் தூவினேன், முளைக்க வெளிச்சம் வேண்டும் என்பதால் மூடவில்லை. இப்போது இரண்டு வகைச் செடி நிற்கிறது. ஒன்றில் மூன்று மூன்றாக இதய வடிவ இலை, ஓரம் வழவழப்பு, வாயில் போட்டால் புளிப்பு. புளியாரையேதான், பிடுங்கிவிட்டேன்.

இன்னொன்றுதான் குழப்பம். முதல் இலை ஒற்றையாக, ஓரம் பல் பல்லாக வந்தது, பிறகு வந்தவை மூன்றாகப் பிரிந்து, காம்பெல்லாம் மெல்லிய முடியோடு இருக்கின்றன. ஸ்ட்ராபெர்ரி இப்படித்தான் வரும், ஆனால் இங்கே வேலியோரம் படர்ந்து, மஞ்சள் பூ பூத்து, ருசியே இல்லாத சிவப்புப் பழம் காய்க்கும் காட்டுச்செடியும் அச்சு அசல் இதே மாதிரிதான். பூ வெள்ளையாக வந்தால் ஸ்ட்ராபெர்ரி, சரி, அதற்குப் பல மாதம் ஆகுமே, எனக்கு இப்போதே தொட்டி மாற்ற வேண்டும், இடமும் குறைவு.

இலையை வைத்தே பிரித்தறிய முடியுமா? விதையிலிருந்து வளர்த்தவர்கள் யாராவது இருந்தால், நாலைந்து இலைப் பருவத்து நாற்றின் படம் போடுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.