கலைச்சொல் வேண்டும்: திரைக்கேற்ப வரி மாறும் மின்னூல் அமைப்பு

மடல் 1: கையேட்டின் மொழிபெயர்ப்பாளர், சென்னை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

சிறு பதிப்பகங்களில் பக்கம் அமைப்போருக்காக மின்னூல் ஆக்கம் பற்றிய பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வரும் வெள்ளிக்கிழமை மூன்றாம் இயலை ஒப்படைக்க வேண்டும். ஒரே ஒரு சொல்லால் நான்கு நாள்களாக வேலை நின்றிருக்கிறது.

ஈபப் என்னும் மின்னூல் கோப்பு வடிவில் இருவகை உண்டு. முதல் வகையில், படிப்பவர் எழுத்தைப் பெரிதாக்கினாலும் கைப்பேசியைக் கிடையாகத் திருப்பினாலும், உரை புதிதாக வரி பிரிந்து திரையின் அகலத்துக்குள் அமைந்துகொள்ளும். இரண்டாம் வகையில் பக்கம் அச்சில் இருந்தபடியே அசையாமல் நிற்கும். படங்களும் எழுத்தும் பிரியாது நிற்க வேண்டிய குழந்தை நூல்களுக்கு அது பொருந்தும். தொழிலில் இருப்போர் முன்னதை ரீஃப்ளோ என்றும் பின்னதை ஃபிக்ஸட் என்றும் சொல்கிறார்கள்.

என் வரைவில் 'மறுபாய்வு' என்று எழுதியிருந்தேன். பயிற்சி வகுப்பில் அதை வாசித்தபோது ஒருவருக்கும் பொருள் விளங்கவில்லை. 2016 டிசம்பரில் கிண்டில் தமிழ் நூல்களை ஏற்கத் தொடங்கியது முதல் எத்தனையோ பழைய நூல்கள் மின்னூலாகிவிட்டன. ஆனால் அச்சுக்குச் செய்த கோப்பைப் பிடிஎஃப் ஆக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நம்புவோர் இன்னும் பலர். இவ்விரு வகைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லே காட்டிவிட்டால் பாதிப் பாடம் முடிந்துவிடும். உதவுங்கள்.

மடல் 2: ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், திருநெல்வேலி

அம்மையீர், 'மறுபாய்வு' கூடாது. பாய்தல் என்பதற்கு நீர் ஓடுதல் என்ற பொருள் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் நூல் அமைதியைப் பேசும் இடத்தில் அச்சொல்லுக்கு நேர்மாறான பொருள் முன்பே பதிந்துவிட்டது. நன்னூலார் சூத்திர நிலையை, அதாவது சூத்திரங்கள் ஒன்றோடொன்று தொடரும் முறையை, நான்காக வகுக்கும்போது, இடையறாது தொடர்ந்து செல்வதை ஆற்றொழுக்கு என்றும், இடையே விட்டுத் தாவிச் செல்வதைத் தவளைப் பாய்த்து என்றும் பிரிக்கிறார். நீங்கள் விவரிக்கும் கோப்பில் உரை எங்கும் தாவுவதில்லை. வரிசை குலையாமல் ஒழுகுகிறது. ஆகவே 'ஒழுகுரை' என்பதே முறை.

யாப்பிலிருந்தே இணைச்சொற்களை எடுக்கவும் வழியுண்டு. ஆசிரியப்பாவின் வகைகளில் நிலைமண்டிலம் என்றும் அடிமறிமண்டிலம் என்றும் இரண்டு இருக்கின்றன. எல்லா அடிகளும் நாற்சீராய்த் தத்தம் இடத்தில் நிற்பது முன்னது; அடிகளை இடம் மாற்றினாலும் பொருள் கெடாதது பின்னது. அசையாத பக்கத்துக்கு நிலைமண்டிலம், மாறும் பக்கத்துக்கு அடிமறிமண்டிலம் என்றால் இரண்டும் நம் மரபுக்குள்ளேயே அமைந்துவிடும்.

மடல் 3: பக்க வடிவமைப்பாளர், சிவகாசி

பேராசிரியர் ஐயாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம்.

டெம்மி அளவில் பாரத்துக்கு (மடித்துக் கட்டும் ஓர் அச்சுத் தாளுக்கு) பதினாறு பக்கம் என்று கணக்கிட்டு இருபது ஆண்டுகள் வேலை செய்தவன் நான். மின்னூல் வேலை ஆறு ஆண்டுகளாகத்தான் செய்கிறேன். 'ஒழுகுரை' என்று சொன்னால் எங்கள் கூடத்தில் கூரை ஒழுகுவதுதான் நினைவுக்கு வரும். 'நெகிழ்பக்கம்' என்று ஒருவர் எனக்குத் தனியே எழுதியிருந்தார். அது இனிய சொல்தான். ஆனால் நெகிழி என்றாலே பிளாஸ்டிக் என்று பலகை எழுதி ஒட்டியிருக்கும் காலத்தில் அதுவும் வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

அடிமறி என்பதில் எனக்குப் பெரிய தயக்கம் இருக்கிறது. அடிகள் இடம் மாறுகின்றன என்று இந்தச் சொல்லை நம்பி ஒருவர் வேலை செய்தால், கவிதை நூல் கெட்டுவிடும். எனக்கே அது நேர்ந்தது. ஒரு மரபுக் கவிதைத் தொகுப்பை மாற்றிக்கொடுத்தேன். கணினித் திரையில் ஒவ்வோர் அடியும் சரியாக நின்றது. கைப்பேசியில் திறந்தபோது வெண்பாவின் முதல் மூன்று அடிகளிலும் நான்காம் சீர் தனியே கீழே விழுந்து, நான்கடிப் பாடல் ஏழு வரியாகத் தெரிந்தது. ஈற்றடி மூன்று சீரால் முடிகிறது என்பதைக் கண்ணால் அறியவே வழியில்லை. கவிஞர் தொலைபேசியில் அழைத்து, நான் அவர் பாடலை உடைத்துவிட்டதாக வருந்தினார். அன்று என்னிடம் பதிலில்லை. நான் எந்த அடியையும் மாற்றவில்லை; வரிதான் மாறியது. பிறகுதான் அடி ஒவ்வொன்றையும் தனிப் பத்தியாக்கி, மடிந்து விழும் பகுதி உள்தள்ளி நிற்குமாறு செய்யக் கற்றுக்கொண்டேன்.

நாங்கள் வேலையில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இந்தக் கோப்பில் வரி மாறுமா, மாறாதா? 'வரிமாறு அமைப்பு', 'வரிமாறா அமைப்பு' என்று வைத்தால் என்ன?

மடல் 4: நூலகர், யாழ்ப்பாணம்

சிவகாசி நண்பர் இறுதியில் சொன்னதே இந்த இழையின் மையம் என்று நினைக்கிறேன். அடி என்பது பாவின் உறுப்பு. வரி என்பது கண்ணுக்குத் தெரியும் எழுத்து நிரல். தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கும்போது அவற்றைக் கலக்கக் கூடாது.

ஓலைச்சுவடிகளைப் பேணும் வேலையில் இதை நாள்தோறும் பார்க்கிறோம். சுவடியில் பாடல்கள் அடி பிரித்து எழுதப்படுவதில்லை. ஓலையின் அகலம் முடியும்வரை எழுத்து தொடர்ந்து ஓடும், புள்ளிகூடப் பெரும்பாலும் இராது. அதே பாடலை அகலம் வேறான ஓலையில் படியெடுத்தால் வரி வேறிடத்தில் முறியும், பா மாறாது. ஆறுமுக நாவலரும், 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் போன்ற பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டில் ஒரு பெரும் பகுதி, அப்படி ஓடிக்கிடந்த எழுத்திலிருந்து அடியையும் சீரையும் மீட்டு, பக்கத்தில் நிறுத்தியதுதான். வரியும் அடியும் ஒன்றாக நின்றது அச்சுக் காலத்தில் மட்டுமே. கைப்பேசி இப்போது அவற்றை மீண்டும் பிரித்துவிட்டது. எனவே சொல்லில் 'வரி' இருக்கட்டும் என்பதே என் கருத்து.

'பக்கம்' சொல்லில் வரவே கூடாது. முதல் வகையில் பக்கம் என்ற ஒன்றே நிலையாக இல்லை. ஆய்வேட்டில் மேற்கோளுக்குப் பக்க எண் இட முடியாமல் மாணவர்கள் எங்களிடம் வந்து கேட்கிறார்கள். ஈபப் கோப்பில் அச்சுநூலின் பக்க எண்களைப் பட்டியலாகப் பதித்துவைக்க வழியுண்டு. அதைச் செய்யும் தமிழ்ப் பதிப்பகங்களை நான் அரிதாகவே காண்கிறேன். கையேட்டில் இதற்கும் ஒரு பத்தி ஒதுக்குமாறு வேண்டுகிறேன்.

ஒரு மறுப்பும் உண்டு. 'அமைப்பு' என்ற சொல்லைச் சங்கம், கழகம் ஆகியவற்றுக்கும் வழங்குகிறோம். எங்கள் பக்கம் 'தளக்கோலம்' என்பது புழக்கத்தில் உள்ளது. வரிமாறு தளக்கோலம் என்று சொல்லலாம்.

மடல் 5: பேராசிரியர், திருநெல்வேலி

நூலகர் ஐயா சுட்டிய சுவடிச் சான்று வலுவானது; அடிமறிமண்டிலத்தை நான் விட்டுவிடுகிறேன். வெண்பாவுக்கு நேர்ந்ததைச் சிவகாசித் தம்பி சொன்னார். ஆசிரியத்துக்கு நேர்வது அதைவிடத் தீங்கானது. நேரிசை ஆசிரியப்பா ஒன்றைக் குறுகிய திரையில் பார்க்கும் மாணவன், இடையிடையே ஒரு சீரும் இரு சீரும் தனி வரியாக நிற்பதைக் கண்டு அதை, இடையடிகள் சீர் குறைந்து வரும் இணைக்குறள் ஆசிரியப்பா என்று எழுதுவான். அப்படி எழுதுபவனைக் குறை சொல்ல முடியாது. கண் காட்டியதை அவன் எழுதுகிறான்.

ஆயினும் 'வரி' பற்றி ஓர் எச்சரிக்கை. கோடு, எழுத்து, பாட்டு, இறை (அரசுக்குச் செலுத்தும் பணம்) என்று அச்சொல் பல பொருளுக்குக் கிளைத்திருக்கிறது. புலியின் உடலில் இருப்பதும் வரி, சிலப்பதிகாரத்துக் கானல்வரியும் வரி, சோழர் கல்வெட்டுகளில் வரும் வரிப்பொத்தகம் இறைக்கணக்கு. வரை, வரி இரண்டும் கீறுதல் என்னும் ஒரே வேரில் பிறந்தவை என்பது என் நெடுநாள் எண்ணம். கீறி எழுதிய கணக்கே பின்னர் இறையின் பெயராயிற்று என்று கொள்ளலாம். அது தனி மடலுக்குரியது. இப்போதைய கவலை இதுதான்: 'வரிமாறு' என்றதும் வரிவிகித மாற்றம் என்று ஒருவர் எண்ணக்கூடும். ஒழுகுரையில் இந்த மயக்கம் இல்லை.

மடல் 6: மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்

'ரீஃப்ளோ' என்றே எழுதி ஒரு வரியில் விளக்கிவிடலாமே? கையேட்டைப் படித்தவர் மென்பொருளைத் திறந்தால் அங்கே ஆங்கிலச் சொல்லைத்தான் பார்க்கப்போகிறார். வடசொல்லுக்கே வழிவிட்டவர் தொல்காப்பியர்.

சொல்லைவிட எனக்கு முதன்மையாகத் தோன்றுவது வரி எங்கே முறிய வேண்டும் என்ற விதி. புள்ளி வைத்த மெய் வரியின் முதலில் வரக் கூடாது என்பதை அச்சுக்கோப்போர் கைப்பழக்கமாகவே காத்தார்கள். படிப்பான் செயலிகள் சிலவற்றில் அது காக்கப்படுவதில்லை. நீண்ட கூட்டுச்சொற்களை முறிக்காமல் இருபுறமும் ஒழுங்குசெய்தால், குறுகிய திரையில் சொற்களுக்கிடையே பள்ளம் விழுகிறது.

மடல் 7: பேராசிரியர், திருநெல்வேலி

தொல்காப்பியர் வழிவிட்டது உண்மை. ஆனால் வடவெழுத்தை ஒருவி (நீக்கி), தமிழ் எழுத்தோடு புணர்ந்த பின்னரே அது சொல்லாகும் என்றார். ரகரம் தமிழில் மொழிமுதலாகாது. மேலும், அந்த ஒலிக்கூட்டம் தமிழ் மட்டும் அறிந்த பணியாளருக்கு எந்தப் பொருளையும் தருவதில்லை. வரி முறிப்பு பற்றிப் பொறியாளர் சொன்னது முற்றிலும் சரி.

மடல் 8: மொழிபெயர்ப்பாளர், சென்னை

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை வகுப்பில் நீங்கள் முன்மொழிந்த சொற்களை விளக்கம் ஏதும் தராமல் பலகையில் எழுதி, ஒவ்வொன்றும் எதைக் குறிக்கும் என்று கேட்டேன். ஒழுகுரையை ஒருவர் உரைநடையின் இயல்பு என்றார். 'வரிமாறு' என்பதைப் பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள்; அச்சுப்பணியாளருக்கு வரி என்றதும் இறை நினைவுக்கு வரவில்லை. மூன்றாம் இயல் 'வரிமாறு அமைப்பு', 'வரிமாறா அமைப்பு' என்ற சொற்களோடு இன்று போகிறது. முதல் முறை வரும் இடத்தில் ரீஃப்ளோ என்பதையும் குறித்திருக்கிறேன். தளக்கோலத்தைச் சொற்பட்டியலில் மாற்றுச் சொல்லாகச் சேர்த்துள்ளேன். பக்க எண் பட்டியலுக்கும் மெய்யெழுத்து முறிப்புக்கும் தனிப் பத்திகள் எழுதியாயிற்று.

ஒன்று மட்டும் மீதமிருக்கிறது. அடி மடிந்து உள்தள்ளி விழும் அந்தப் பகுதிக்குச் சிவகாசி நண்பர் பெயர் சொல்லவில்லை. ஐந்தாம் இயலில் அது வருகிறது.

மடல் 9: பேராசிரியர், திருநெல்வேலி

ஒழுகுரையைக் கைவிட நான் இன்னும் உடன்படவில்லை; அதைப் பதிவு செய்துகொள்க. ஐந்தாம் இயலைப் பொறுத்தவரை, தனித்து நிற்பது என்பதால் யாரேனும் 'கூன்' என்று சொல்ல முன்வருவார்கள். அதை ஏற்க வேண்டாம். கூன் அடியின் அளவில் சேராதது. கீழே விழுந்திருக்கும் இந்தச் சீர் அளவில் சேர்ந்தது.