மோகனத்துக்கு வெட்டிய மர நாக்கு மேளம் வேறு சுரங்களில் ஒலிக்கிறது: பிழை எங்கே?

கேள்வி: முன்பள்ளி ஆசிரியை, களுவாஞ்சிகுடி

வணக்கம். என் வகுப்புப் பிள்ளைகள் எந்த இடத்தில் தட்டினாலும் செவிக்கு இசைவான ஒலியே வரவேண்டும் என்ற ஆசையில், ஆங்கிலத்தில் டங் டிரம் எனப்படும் மர நாக்கு மேளம் ஒன்றை வீட்டிலேயே செய்யத் தொடங்கினேன். மேற்பலகை பழைய கதவொன்றிலிருந்து கிடைத்த 18 மி.மீ தடிப்புள்ள தேக்கு; பெட்டியின் மற்றப் பக்கங்கள் பிளைவுட். உள்நீளம் 46 செ.மீ. பலகையின் நார் ஓடும் திசையிலேயே, ஒரு பக்கம் மூன்றும் மறுபக்கம் மூன்றுமாக, நுனிகள் நடுவில் எதிரெதிரே நிற்குமாறு ஆறு நாக்குகளை ஜிக்சோவால் வெட்டினேன். அவை மோகன ராகத்தின் ச, ரி, க, ப, த, மேல் ச.

நீளங்களை வீணை நரம்பின் கணக்கைப் பின்பற்றி முடிவு செய்தேன். ச 21 செ.மீ என்றால் ரி அதில் ஒன்பதில் எட்டுப் பங்கு, ப மூன்றில் இரண்டு பங்கு, மேல் ச சரிபாதி. அவ்வாறே 21, 18.7, 16.8, 14, 12.6, 10.5 செ.மீ என்று வெட்டினேன். ஆனால் தட்டிப் பார்த்தபோது ரி என்று வெட்டியது க போலவும், ப என்று வெட்டியது மேல் ரி போலவும் ஒலிக்கின்றன. மேல் ச இன்னும் ஒரு ஸ்தாயி தாண்டி, பறவை கொத்துவதுபோலக் கேட்கிறது. இதற்கு மாறாக, தாழ்ந்த ச நாக்கில் குரலே இல்லை. வெறும் பலகையைத் தட்டிய சத்தம்தான் வருகிறது. கைத்தொலைபேசிச் செயலியோ அந்த நாக்குக்கு ஒவ்வொரு தடவையும் வேறொரு சுரத்தைக் காட்டுகிறது. பலகையை வீசிவிட்டுப் புதிதாகத்தான் தொடங்க வேண்டுமா?

பதில்: பௌதிகவியல் ஆசிரியர், காரைதீவு

பலகையை வீச வேண்டாம். யாழ் நரம்புகளை ஆராய்ந்த விபுலானந்த அடிகள் 1892 இல் பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன். நரம்பின் கணக்கைப் பிழையென்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்தக் கணக்கு நரம்புக்கு முற்றிலும் சரி. இரு முனைகளிலும் கட்டப்பட்டு இழுவிசையால் அதிரும் நரம்பின் அதிர்வெண் நீளத்துக்கு நேர்மாறாக மாறும். உங்கள் நாக்கோ ஒரு முனையில் மட்டும் பற்றப்பட்டு, மற்ற முனை விடுதலையாக நின்று, தன் விறைப்பால் அதிரும் கோல். அதன் அதிர்வெண் தடிப்புக்கு நேர்விகிதமாகவும், நீளத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகவும் மாறும். நீளம் பாதியானால் அதிர்வெண் இரண்டு மடங்கன்று, நான்கு மடங்கு ஆகிவிடும்.

நீங்கள் கேட்டவற்றை எழுதிப் பார்த்தால் இது தெளிவாகும். ரி க்கு வேண்டியது 9/8. அதன் வர்க்கம் 81/64, அது ஏறத்தாழ க. ப வுக்கு வேண்டியது 3/2. அதன் வர்க்கம் 9/4, அதுவே மேல் ரி. நீங்கள் செவியால் அறிந்து சொன்ன இரண்டும் அச்சொட்டாகப் பொருந்துகின்றன என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. உங்கள் கையும் செவியும் பிழை செய்யவில்லை, கணக்குத்தான் மாறியது.

ஆகவே விகிதத்தின் வர்க்கமூலத்தால் 21 ஐப் பிரியுங்கள். ச 21, ரி 19.8, க 18.8, ப 17.1, த 16.3, மேல் ச 14.8 செ.மீ என வரும். உங்கள் ஐந்து நாக்குகளும் இந்த அளவைவிடக் குறுகியவை என்பதே நல்ல செய்தி. பிளவுகளை அடிப்பக்கமாக நீட்டினால் போதும். ச வுக்கு எதிரே மேல் ச, ரி க்கு எதிரே த, க வுக்கு எதிரே ப என்று வைத்திருந்தால் ஒவ்வொரு சோடியின் கூட்டுத்தொகையும் 36 செ.மீ அளவில் நிற்கும், 46 செ.மீ பெட்டியில் இடம் தாராளம்.

ஓர் எச்சரிக்கை. நாக்கின் அடி பாறையில் பதித்ததுபோல அசையாது நிற்பதில்லை, அதுவும் சற்று வளைகிறது. அதனால் குறுகிய நாக்குகள் கணக்கைவிடக் கொஞ்சம் தாழ்வாகவே ஒலிக்கும். சொன்ன அளவுக்கு 5 மி.மீ முன்னதாகவே வெட்டை நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். 15 செ.மீ நாக்கில் 1 மி.மீ கூடினாலே அதிர்வெண் 1.3 வீதம் இறங்கும். ஓர் அரைச்சுரம் முழுவதும் ஏறத்தாழ 6 வீதம்தான்.

செயலி தடுமாறுவதற்கும் காரணம் உண்டு. இத்தகைய கோலின் இரண்டாவது அதிர்வு முதலாவதைப் போல 6.27 மடங்கு. நரம்பின் மேற்சுரங்களைப்போல அது முழுஎண் மடங்கில் அமையாததால், செயலி சில வேளை அதைப் பிடித்துக்கொண்டு வேறொரு சுரத்தைக் காட்டுகிறது. நுனியிலிருந்து நீளத்தின் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று உள்ளே அந்த இரண்டாவது அதிர்வுக்கு அசையாப் புள்ளி உண்டு. ச நாக்கில் அது நுனியிலிருந்து 4.5 செ.மீ அளவில் வரும். அவ்விடத்தில் மென்மையான கோலால் தட்டினால் முதற்சுரம் மட்டும் தெளிவாக எழும்.

பதில்: ஓடாவியார், ஆரையம்பதி

தங்கச்சி, பிளவை நீட்டுவதற்கு முன் அது முடியவேண்டிய இடத்தில் 6 மி.மீ துளை ஒன்றைப் போட்டுவிட்டு, அந்தத் துளை வரைக்கும் வெட்டுங்கள். கூரான மூலையில் முடியும் வெட்டு, பிள்ளைகள் நாளெல்லாம் தட்டும்போது நார் வழியே வெடித்துப்போகும். உருண்ட முடிவு வெடிக்காது. பெட்டிச் சுவரிலிருந்து 2 செ.மீ ஆவது விட்டுவிடுங்கள்.

குரலில்லாத ச பற்றிச் சொல்வதானால், நான் முதலில் பெட்டியைத்தான் சந்தேகிப்பேன். பிளைவுட்டை ஆணி மட்டும் அடித்துப் பொருத்தியிருந்தால் மூட்டுகளில் காற்றுக் கசியும், ஆணிகள் அதிரும். உள்மூலைகள் எல்லாவற்றிலும் பசை ஓட விடுங்கள். பெட்டியை மேசையில் அப்படியே வைத்துத் தட்டாமல், பழைய செருப்பு இறப்பரில் நான்கு துண்டு வெட்டிக் கால்களாக ஒட்டுங்கள். பெட்டியில் ஓட்டை இருந்தால், ஒரு கையால் ச நாக்கைத் தட்டிக்கொண்டே மறு கையால் ஓட்டையைச் சிறிது சிறிதாக மூடித் திறந்து கேளுங்கள். மூடும்போது குரல் கூடினால் ஓட்டை பெரிது. திறக்கத் திறக்கக் கூடினால் இன்னும் பெரிதாக்கலாம். நாக்குகளைச் சுற்றிய பிளவுகளும் காற்றுக்கு வழிதான் என்பதை மறக்காமல் அவற்றை ஒடுக்கமாகவே வெட்டுங்கள்.

கடைசிச் சுருதியை மாரியில் வைக்காதீர்கள். வாடைக் காலத்தில் ஈரம் குடித்த பலகை பாரமாகி, விறைப்பும் குறைந்து, சுருதி இறங்கும். கச்சான் எனும் வறண்ட காற்று வீசும்போது அதே நாக்கு ஏறிவிடும். எண்ணெய் பூசுவதானால் பூசிக் காயவிட்ட பின்னரே இறுதியாகச் சரிபாருங்கள்.

பதில்: இசை ஆசிரியை, கல்லடி

முன்பள்ளிக்கு மோகனத்தைத் தேர்ந்தது மிகப் பொருத்தம். ம வும் நி யும் இல்லாததால் அரைச்சுர இடைவெளியில் உரசும் சோடி ஒன்றும் அதில் இல்லை. பிள்ளைகள் இருவர் ஒரே நேரத்தில் எந்த இரண்டைத் தட்டினாலும் செவி சுளிக்காது. பழந்தமிழிசையின் முல்லைத் தீம்பாணியோடு ஒப்பிடப்படும் பண்ணும் இதுவே.

செயலியின் முள்ளைக் கண்மூடி நம்ப வேண்டாம் என்பதை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். அது பியானோவின் சமபங்குச் சுருதியைக் காட்டுவது. நீங்கள் 5/4 என்ற இயல்பான க வை வைத்தால், அரைச்சுரத்தை நூறாகப் பகுத்த அளவில் முள் 14 பங்கு தாழ்வாக நிற்கும். 5/3 என்ற த விலும் 16 பங்கு தாழ்வாக நிற்கும். முள்ளுக்காக அவற்றை ஏற்றிவிடாமல், சுருதிப் பெட்டியில் ச வும் ப வும் ஒலிக்கவிட்டுச் செவியால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: முன்பள்ளி ஆசிரியை, களுவாஞ்சிகுடி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஒரு கிழமையாகச் செய்து பார்த்தேன். ரி 19.6 இலும், க 18.5 இலும், ப 16.8 இலும், த 16 இலும் சேர்ந்துவிட்டன. மூட்டுகளுக்குப் பசை விட்டு, மூங்கில் குச்சியில் சைக்கிள் ரியூப்பைச் சுற்றித் தட்டியபோது தாழ்ந்த ச முதன்முறையாக நீண்டு ஒலித்தது. நான் அதைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் மேல் ச வில் அவசரப்பட்டு 3 மி.மீ அதிகமாக வெட்டிவிட்டேன்; இப்போது அது அரைச்சுரத்தில் பாதிக்கும் மேலாக இறங்கி நிற்கிறது. இதை மீட்க வழி உண்டா?

பதில்: ஓடாவியார், ஆரையம்பதி

உண்டு தங்கச்சி. அடியில் வெட்டியதை ஒட்ட முயலாதீர்கள், நுனியில் எடுங்கள். நுனி விளிம்பை அரத்தால் நேராக அராவி 2 மி.மீ குறைத்தால் நீளமும் பாரமும் சேர்ந்து குறைந்து சுருதி ஏறும். நடுப்பிளவு அவ்விடத்தில் சற்று அகலமாகும், அதனால் கெடுதல் இல்லை. மீதியை நுனியின் கீழ்ப்பக்கத்தில் அரத்தாளால் மெல்லத் தேய்த்து ஏற்றுங்கள். தேய்க்கும்போது பலகை சூடாகும். ஒவ்வொரு தடவையும் ஆறவிட்டே கேளுங்கள். ஏறிவிட்டால் கீழ்ப்பக்கத்தில் நாக்கின் அடியோரம் சிறிது சீவுங்கள், இறங்கும்.