ஃபோர் வீல் விளக்கு எரிகிறது, முன் சக்கரம் இழுக்கவில்லை

கள்ளிக்குடி விவசாயி:
வணக்கம். எங்களுடையது கரிசல் காடு. ஒரு மழை பெய்தால் போதும், வண்டிப்பாதை களியாகிவிடும். பருத்தி மூட்டை ஏற்றிக்கொண்டு வெளியே வர ஃபோர் வீல்தான் கதி. பழைய டீசல் ஜீப், முன் ஹப் (சக்கரத்தை ஆக்ஸிலோடு பூட்டும் பகுதி) வாக்குவத்தால், அதாவது காற்றை உறிஞ்சும் இழுப்பால், தானாகப் பூட்டும் வகை. இந்த ஐப்பசி மழையில் 4ஹெச் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டால் விளக்கு எரிகிறது. ஆனால் பின் சக்கரம் சேற்றை வாரி அடிக்க, முன்னது கட்டை மாதிரி நிற்கிறது. டிராக்டர் கட்டித்தான் இழுத்தோம். திருமங்கலத்து மெக்கானிக், முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை இறக்கச் சொல்கிறார். அதற்குள் நானே என்ன பார்க்கலாம்?

நத்தம் ரோட்டுக்காரன்:
அண்ணே, தார் ரோட்டில் 4ஹெச் போட்டு, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வட்டம் அடியுங்கள். வண்டி பிடித்து நின்றால் முன்பக்கம் சேர்கிறது.

பழைய பட்டறைக்காரர்:
தம்பி, தாரில் வேண்டவே வேண்டாம். வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் ஓடாது. வழுக்க இடமில்லாவிட்டால் முறுக்கு முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஏறும். அப்புறம் லீவர் 2ஹெச்சுக்கு (பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலைக்கு) வராமல் மல்லுக்கட்ட வேண்டும்.

கேஸையும் இறக்காதீர்கள். விளக்குக்கான ஸ்விட்ச் பொதுவாக அந்தக் கேஸில்தான் இருக்கும். உள்ளே கியர் நகர்ந்ததைச் சொல்லுமே தவிர, ஹப் பூட்டியதை அது அறியாது.

சமதரையில் பின் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் என்ஜினை ஓடவிட்டு, 4ஹெச் போடுங்கள். ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்ட் கொடுங்கள். அடியில் படுக்கக் கூடாது. பல் பொருந்தட்டும் என்று சக்கரத்தை லேசாக ஆட்டிவிட்டுக் கையால் சுற்றுங்கள். அசையவே மறுத்தால் எல்லாம் சேர்ந்திருக்கிறது. சுற்றினால், அதே சக்கரத்துக்கு உட்புறமுள்ள ஆக்ஸில் ஷாஃப்டைக் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டை) கவனியுங்கள். ஷாஃப்ட் நின்று சக்கரம் மட்டும் சுற்றினால் அந்த ஹப் பூட்டவில்லை.

இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு ஹப் பூட்டாவிட்டாலே முன்னிழுவை போய்விடும். இரு ஷாஃப்டுக்கும் நடுவே சுழற்சியைப் பிரிக்கும் டிஃபரென்ஷியல், ஹப் பூட்டாத பக்கத்து ஷாஃப்டை வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். பிரேக் பெடல் இறுகுகிறதா என்றும் சொல்லுங்கள், பெரும்பாலும் பிரேக் மிதிப்பை இலகுவாக்கும் பூஸ்டருக்கும் ஹப்புக்கும் ஒரே வாக்குவம் பம்ப்தான்.

கள்ளிக்குடி விவசாயி:
பிரேக் நன்றாக இருக்கிறது ஐயா. வலது பக்கம் சக்கரமும் ஷாஃப்டும் சேர்ந்து சுற்றின. இடது பக்கம் சக்கரம் மட்டும்! அந்த ஹப்புக்கு வாக்குவம் போகும் ஹோஸைத் தடவிக்கொண்டே போனேன். ஆக்ஸில் மேல் கிளாம்ப் பிடிக்கிற இடத்தில் ரப்பர் ஊறிப்போய்த் தட்டையாக நசுங்கியிருக்கிறது. கழற்றி ஊதினால் மறுமுனையில் காற்றே வரவில்லை. பெட்ரோல் டியூப் போட்டுக்கொள்ளலாமா?

பழைய பட்டறைக்காரர்:
வேண்டாம், மெல்லிய டியூப் உறிஞ்சும்போது உள்ளுக்குள் ஒட்டிக்கொள்ளும். வாக்குவம் ஹோஸ் என்றே கேட்டு, தடித்த சுவராக, பழையதன் உள் அளவுக்கே வாங்குங்கள். ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுக்க ஒடித்தாலும் இழுபடாத நீளம் விட்டு, கிளாம்பை அளவாக இறுக்குங்கள். பிறகு உழுத காட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.