கொத்து விழுந்தும் வெளியே வராத குஞ்சுகள்: கை வைத்தவர்கள், வைக்காதவர்கள் இரண்டு பேரும் சொல்லுங்கள்

பெருவிடைப் பிரியன், திண்டுக்கல்:
போன வாரம் இன்குபேட்டரில் (முட்டை பொரிக்கும் பெட்டியில்) இறங்கிய பேட்சில் மற்ற குஞ்செல்லாம் தானாக வந்துவிட்டது, ஒன்று மட்டும் ஓட்டைக் கூர்முனைப் பக்கம் கொத்தித் துளை போட்டிருந்தது. குஞ்சு முதலில் மூச்சு விடும் காற்றறை மழுங்கிய முனையில்தான் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், பார்த்ததுமே வயிற்றில் புளியைக் கரைத்தது. காலையில் கொத்தியது இரவு வரை அதே துளையில் நிற்கிறது, அலகு திறந்து திறந்து மூடுகிறது, சத்தம் வர வரக் குறைகிறது. ஓட்டுக்கு உள்ளே இருக்கும் சவ்வு வெள்ளையாக இல்லை, பழைய கடிதாசி போலப் பழுப்பாகக் காய்ந்திருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் பட்ஸை நனைத்துத் தொட்டதும் சவ்வுக்குள் சிவப்பு நரம்புகள் தெரிந்தன. அலகு ஓரமாக ஒரே ஒரு சில்லு எடுத்தேன், ஒரு சொட்டு ரத்தம் வந்தது. கை உதறிவிட்டது. அப்படியே உள்ளே வைத்து மூடினேன். விடியற்காலையில் நரம்பெல்லாம் வற்றியிருந்தது, மிச்ச ஓட்டைக் கழற்றியபோது ரத்தமே இல்லை. குஞ்சு இப்போது தீவனம் எடுக்கிறது. ஆனால் அந்தச் சொட்டு கண்ணிலேயே நிற்கிறது. யாராவது அந்த இடத்தில் நிறுத்தாமல் மேலே போனவர்கள் உண்டா?

கொங்குச் சேவல்:
தவறாக நினைக்காதீர்கள் அண்ணா. அடைக்கோழி எந்தக் குஞ்சுக்கும் ஓடு உடைத்துத் தராது. தானாக வர முடியாதது பிழைத்தாலும் தேறாது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் கொத்து விழுந்த கொஞ்ச நேரத்திலேயே, ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, முழுசாக உரித்துவிட்டார். தொப்புளில் மஞ்சள் கரு வெளியே தொங்குகிறது, குஞ்சு அதை இழுத்துக்கொண்டே நகரப் பார்க்கிறது. பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. கொத்திவிட்டுச் சும்மா கிடப்பது களைப்பு மட்டும் இல்லை, அந்த நேரத்தில்தான் சவ்வில் ஓடும் ரத்தமும் மீதி மஞ்சள் கருவும் உடம்புக்குள் போகும், 24 மணி நேரம்கூட ஆகலாம். அப்புறம், கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: பெட்டியில் முட்டை அடுக்கும்போதே கூர்முனை கீழே இருக்கட்டும், தலைகீழாக வைத்தால் இந்த மாதிரிக் கொத்து அதிகம் வரும். 18ஆம் நாள் முட்டையைத் திருப்புவதை நிறுத்துங்கள், ஈரப்பதத்தை 65-70 சதவீதத்துக்கு ஏற்றுங்கள். ஃபேன் இருக்கும் பெட்டி என்றால் 37.5 டிகிரி, ஃபேன் இல்லாத தெர்மாகோல் பெட்டி என்றால் ஒரு டிகிரி போலக் கூட வேண்டும், அதிலும் சூடு பார்க்கும் மீட்டரை முட்டையின் மேல்மட்டத்தில் வைக்க வேண்டும், மூடிக்குக் கீழே தொங்கவிட்டால் அது காட்டுவது வேறு கணக்கு.

மாடிவீட்டுக் கோழி, மதுரை:
அடைக்கோழி உடைத்துத் தராது, சரி. அடைக்கோழி கொத்து விழுந்த முட்டைகளை விட்டுவிட்டு அரை மணிக்கொருமுறை எழுந்து போய்ப் புகைப்படம் எடுக்குமா? முதலில் வந்த குஞ்சுகளை எடுக்கிறேன் என்று மூடியைத் திறப்பது நாம், ஈரம் ஓடிப்போய்ப் பின்னால் கொத்தியவற்றின் சவ்வு காய்ந்து உடம்போடு ஒட்டிக்கொள்கிறது, அப்புறம் பழியை மட்டும் குஞ்சின் தலையில் போடுகிறோம். வந்த குஞ்சு வயிற்றுக்குள் இருக்கும் மஞ்சள் கருவை வைத்தே இரண்டு மூன்று நாள் தாங்கும், அவசரமே கிடையாது. எங்கள் வீட்டில் ஒன்று இரண்டாம் நாளும் கத்திக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரர் உங்கள் கட்சி, தொடக்கூடாது என்றுவிட்டார். சத்தம் நின்ற பிறகு உடைத்துப் பார்த்தேன். மஞ்சள் கரு முழுசாக உள்ளே போயிருந்தது, நரம்பில் ரத்தமே இல்லை, தொப்புள் மூடியிருந்தது. சவ்வு அலகோடு ஒட்டிக் காய்ந்திருந்தது, அவ்வளவுதான் குறை. அதை எப்படித் 'தேறாத குஞ்சு' என்று சொல்வீர்கள்?

கரிசல்காடு:
எங்கள் அம்மா இன்குபேட்டருக்குள் காய்ந்த மிளகாயும் கரித்துண்டும் வைத்தார், இடி இடித்தால் கூமுட்டை ஆகிவிடுமாம். இடி வரவில்லை, கரண்டுதான் போனது. சுடுதண்ணீர் பாட்டில்களை உள்ளே வைத்துக் கம்பளி போர்த்தி ஒப்பேற்றினோம். குஞ்சு வந்தது, பெருமை முழுக்க மிளகாய்க்கு.

வயக்காட்டுக்காரன்:
திண்டுக்கல் அண்ணா, ரத்தத்தை விடுங்கள், காலைப் பாருங்கள். உரித்து எடுத்த குஞ்சுக்குக் கால் விரிந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். நியூஸ்பேப்பர் மேல் விட்டால் வழுக்கி இன்னும் மோசமாகும். எனக்கு வந்ததில் ஒன்று, இரண்டு காலும் பக்கவாட்டில் போய், மார்பைத் தரையில் தேய்த்துக்கொண்டே தண்ணீர்க் கிண்ணம் வரை வந்தது, மற்ற குஞ்சுகள் அதன் மேல் ஏறி நடந்தன. பேண்ட்எய்டை நீளவாக்கில் மெல்லியதாக வெட்டி, இயல்பாக நிற்கும் அகலத்துக்கு இடைவெளி விட்டு இரண்டு காலையும் பிணைத்தேன். கீழே சாக்கு விரித்தேன். முதலில் தொபுக்கென்று விழுந்தது, பிறகு பிடித்துக்கொண்டது. இதை முதல் ஓரிரு நாளிலேயே செய்ய வேண்டும், எலும்பு இறுகிவிட்டால் பலன் குறைவு. விரல் சுருண்டிருந்தால் அது வேறு, பி2 வைட்டமின் குறைவாக இருக்கலாம்.

செவலை:
ஒன்று மட்டும். பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்திருந்தால் வெந்நீர்த் துணியால் ஊறவைத்து எடுக்கச் சொல்வார்கள் இல்லையா, அதைக் கேட்டுவிட்டு என் தம்பி முந்தின நாள் பொரித்த குஞ்சைத் திருப்பிப் பிடித்து, கறுப்பாக ஒட்டியிருந்ததை இழுக்கப் போனான். அது எச்சம் இல்லை, காய்ந்த தொப்புள் கொடி. இழுத்திருந்தால் குடலே வந்திருக்கும். எச்சம் வால் பக்கம் ஒட்டும், தொப்புள் அதற்கு முன்னால் வயிற்றில் இருக்கும். சந்தேகமாக இருந்தால் தொடாதீர்கள், தொப்புள் ஈரமாகத் தெரிந்தால் கொஞ்சம் பெட்டாடின் தடவித் தனியாக விடுங்கள், கொடி தானே உதிரும்.