எஃப் 1.8-இல் பாட்டியின் முகம் தெளிகிறது, கைகள் மங்கிவிடுகின்றன

புதுலென்ஸ்காரன்:
வணக்கம். ஏபிஎஸ்-சி சென்சார் (35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறிய, ஒளியைப் பதியும் சில்லு) கொண்ட என் கேமராவுக்கு, எஃப் 1.8 வரை துளை திறக்கும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றைச் சென்ற மாதம் வாங்கினேன். பின்னணி குழைந்து முகம் மட்டும் எழுந்து நிற்கும் படங்களுக்கு ஆசைப்பட்டுத்தான் வாங்கினேன். திண்ணையில் மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்த பாட்டியை ஒன்றரை மீட்டர் தள்ளி, நேர் எதிரே அமர்ந்து எடுத்தேன். கண்கள் துல்லியமாக விழுந்தன. நாரும் பூவும் விரல்களும் வெண்புகையாகிவிட்டன. கைகளில் ஃபோகஸ் வைத்தால் முகம் போய்விடுகிறது. இரண்டும் தெளிவாக வேண்டும். பின்னால் இருக்கும் சைக்கிள் மங்க வேண்டும். குறை லென்ஸிலா, என்னிடமா?

துளையளவு:
இரண்டிலும் இல்லை. அந்தத் தொலைவில் எஃப் 1.8 தருகிற தெளிவின் ஆழம், அதாவது முன்பின்னாகத் தெளிவாக விழும் பகுதி, ஏறத்தாழ 6 செ.மீ.தான், பூத் தொடுப்பவரின் கை முகத்திலிருந்து ஓர் அடியாவது முன்னால் இருக்கும். எஃப் எண்ணைக் கூட்டி லென்ஸின் துளையைச் சுருக்குவதற்கு முன் இடத்தை மாற்றிப் பாருங்கள். பாட்டிக்குப் பக்கவாட்டில் அமர்ந்தால் முகமும் கையும் கேமராவிலிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவுக்கு வந்துவிடும். 2 மீட்டர் தள்ளி எஃப் 2.8 வைத்தால் ஆழம் 18 செ.மீ. அளவுக்குக் கிடைக்கும். பின்னணியும் அப்போது சுவராக இராது, நீளும் திண்ணையாக இருக்கும். பின்னணி எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு நன்றாகக் குழையும். நேர் எதிரேதான் எடுப்பேன் என்றால், 3 மீட்டர் விலகி எஃப் 4 வையுங்கள். அரை மீட்டருக்கு மேல் ஆழம் கிடைக்கும், ஆனால் சைக்கிள் அவ்வளவாக மங்காது. எஃப் 1.8-ஐ விட ஒளி ஐந்தில் ஒரு பங்குதான் என்பதால் ஐஎஸ்ஓ-வையும் (ஒளியுணர்வின் அளவு) ஏற்ற வேண்டியிருக்கும். நடுப்புள்ளியில் ஃபோகஸ் செய்துவிட்டுக் கேமராவைத் திருப்பும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஆழம் குறைவாக உள்ளபோது அந்தத் திருப்பலிலேயே கண் நழுவிவிடும்.

பழைய ஃபிலிம்காரன்:
மேலே உள்ள கணக்கு சரி. எனக்கு உறுத்துவது வேறொன்று, தம்பி. சைக்கிளை ஏன் அழிக்க வேண்டும்? நாங்கள் ஐஎஸ்ஓ 100 ஃபிலிம் போட்டுத் திரிந்த காலத்தில் 1.8 என்பது இருட்டுக்கான துளை. வெளிச்சம் இருந்தால் 5.6, 8 என்று சுருக்கி, லென்ஸின் மேல் பொறித்திருக்கும் ஆழ அளவுகோலைப் பார்த்துக்கொள்வோம். என் தந்தையை அப்படி எடுத்த படமொன்றில், அவர் தோளுக்குப் பின்னால் மாடத்தில் ரேடியோ தெரிகிறது. வீட்டில் இன்று அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தால் எல்லோரும் பேசுவது ரேடியோவைப் பற்றித்தான். பின்னணி குப்பையாக இருந்தால் மங்கச் செய்யுங்கள். வீடாக இருந்தால் கொஞ்சம் தெரியட்டும்.

புதுலென்ஸ்காரன்:
இருவருக்கும் நன்றி. இன்று காலை பக்கவாட்டில் அமர்ந்து எஃப் 2.8-இல் எடுத்தேன், கண்ணும் விரலும், விரலிடுக்கில் நாரின் முடிச்சும் தெளிவாக வந்துள்ளன. சைக்கிளின் பின்சக்கரம் அடையாளம் தெரிகிற அளவுக்கு மங்கியிருக்கிறது, அப்படியே விட்டுவிட்டேன். பாட்டியிடம் காட்டினேன். "ரெண்டு முழம் கட்டியிருந்தேன், இதுல அரை முழந்தானே இருக்கு" என்கிறார்.