எஸ்க்ரிமாவும் ஸ்பானிய வாள்வீச்சும்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. பிலிப்பைன்ஸின் கம்பு, கத்திச் சண்டைக் கலையான எஸ்க்ரிமாவுக்கும் பழைய ஸ்பானிய வாள்வீச்சுக்கும் உள்ள ஒற்றுமை பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

என்னை இதில் இழுத்துவிட்டது இடது கை. ஸ்பானிய வாள்வீச்சு ஆசான் கர்ரான்சா 16-ஆம் நூற்றாண்டில் தொடங்கிவைத்த டெஸ்ட்ரெசா என்ற வாள்வீச்சு முறையில், எதிராளியின் வாளை ஒதுக்கி, சட்டென்று ஓர் எட்டு உள்ளே வைத்து, அவன் வாளின் கைப்பிடிக் காப்பை இடது கையால் பற்றிவிடுவார்கள். எஸ்க்ரிமாவிலும் அந்தக் கை சும்மா இருக்காது. மணிக்கட்டைத் தட்டும், அமுக்கும், ஆயுதத்தையே பிடுங்கும். வலக்கையில் நீளவாள், இடக்கையில் குத்துவாள் என்ற ஜோடியும் இரு நாட்டிலும் உண்டு. நேராக மோதாமல் கோணத்தில் விலகி நடப்பதும் அப்படியே.

அதற்காக 'எல்லாம் ஸ்பெயின்காரன் சொல்லிக்கொடுத்தது' என்று முடித்துவிட மனம் வரவில்லை. 1521-இல் பிலிப்பைன்ஸின் மக்தான் தீவில், ஸ்பெயினுக்காகக் கடலோடி வந்த மகெல்லனை வீழ்த்தியவர்களுக்கு யார் வகுப்பு எடுத்தார்கள்? தவிர, டெஸ்ட்ரெசாவில் கையை நேராக நீட்டித் தூரத்தைக் காப்பார்கள். எஸ்க்ரிமாவில் ஒட்டி நின்று ஆடும் பாணிகள் ஏராளம்.

சரி, எனக்கு வேண்டியது இதுதான். 17-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியப் படையில் இருந்த, பிலிப்பைன்ஸின் பம்பாங்கா பகுதி வீரர்களுக்கு என்ன வாள்பயிற்சி கொடுத்தார்கள்? அக்காலக் கடிதம், படைக்குறிப்பு ஏதாவது கண்ணில் பட்டிருக்கிறதா? ஸ்பானிய மொழியில் இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு கலைகளையும் பழகியவர்கள் இருந்தால், கால்வைப்பில் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே இடிக்கிறது என்று எழுதுங்கள். யூடியூப் இணைப்புகள் மட்டும் வேண்டாம், நிறையப் பார்த்தாயிற்று.